கோத்தகிரி பக்கம் ஒரு வீட்டுல தச்ச துண்டுத்துணி போர்வை: சாயம் ஓடி திரும்பி வந்ததுலேர்ந்து மறுபடி தச்சு குடுத்தது வரைக்கும்

பின்னணி

இது கோத்தகிரிக்கு கீழ இருக்கற ஒரு ஊர்ல, வீட்டுலயே பிளவுஸ் தைக்கிற ஒரு அக்காவோட விஷயம். அவங்க கிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன், பேரு ஊரு எதுவும் வேண்டாம்னு சொன்னாங்க, அதனால அக்கான்னே போடறேன். வீட்டுக்காரர் டீ ஃபேக்டரில வேலை, ரெண்டு பசங்க, கூட மாமியார். மாமியாருக்கு எழுவது தாண்டிருச்சு, சிலோன்ல தோட்டத்துல பொறந்து, சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் கப்பல்ல வந்து இங்க மலையேறுன குடும்பம். நீலகிரில இப்படி வந்தவங்க நிறைய பேரு, 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் வந்த குடும்பங்களுக்கு வேலை குடுக்கறதுக்காகத்தான் டேன்டீங்கற அரசாங்க டீ தோட்டமே ஆரம்பிச்சாங்க. அந்த பாட்டியம்மா பழைய சேலைய நாலா மடிச்சு கையாலயே ஓட்டுத்தையல் போட்டு பிள்ளைங்களுக்கு போர்வை தச்சு வளத்தவங்க, அவங்க கை இந்த விஷயத்துல பின்னாடி ரொம்ப உதவுச்சு.

அக்கா கிட்ட இருக்கறது பழைய கருப்பு கால் மிஷின். பிளவுஸ் தச்சு மிச்சமாகுற வெட்டு துணிய தூக்கி போட மனசு வராம பல வருஷமா சாக்குல கட்டி வச்சிருந்தாங்க, ரூபியா, லைனிங், பாப்ளின், சுடிதார் துணி, செயற்கை பட்டுன்னு எல்லாம் கலந்து. அதுல வீட்டுக்கு ஒரு போர்வை தச்சாங்க, நடுவுல பழைய கம்பளி. நல்ல கலரா இருந்துச்சு, பசங்க அத விடவே மாட்டாங்க. ஒரு நாள் அது கொடில காயறத பாத்துட்டு பக்கத்துல ஹோம்ஸ்டே நடத்தற ஒருத்தர் எங்க ரூமுக்கும் இதே மாதிரி நாலு வேணும், சிங்கிள் கட்டில் சைஸ்னு கேட்டாரு. ஒண்ணுக்கு ரெண்டாயிரம்னு பேசி முடிச்சாங்க. இது ஆவணி மாசம்.

நான் தையல் சொல்லிக்குடுக்கறவ, அக்காவ பல வருஷமா தெரியும். மொத போர்வை தைக்கும்போது நான் கூட இல்ல, அது திரும்பி வந்ததுக்கு அப்புறம்தான் கூப்பிட்டாங்க.

மொத போர்வை, மொத துவைப்பு

ஐப்பசில மொத போர்வைய குடுத்தாங்க. பாக்க ரொம்ப அழகா இருந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க, ஹோம்ஸ்டேக்காரரும் கட்டில்ல போட்டு ஃபோட்டோ எடுத்து வச்சிருந்தாரு, அத நானும் பாத்தேன். தீபாவளி லீவுக்கு வந்த கெஸ்ட் யாரோ அதுல காபி கொட்டிட்டாங்க, ஹோம்ஸ்டேல அத வாஷிங் மிஷின்ல போட்டாங்க. அதுக்கு அப்புறம் அது போர்வையா இல்ல.

மெரூன் துண்டுலேர்ந்து சாயம் ஓடி பக்கத்துல இருந்த க்ரீம், மஞ்சள் எல்லாம் ரோஸ் கலர்ல திட்டு திட்டா ஆகிடுச்சு. உள்ள வச்ச இலவம்பஞ்சு எல்லாம் ஓடி மூலைல உருண்டை உருண்டையா சேந்துடுச்சு, நடுவுல கைய வச்சா வெறும் ரெண்டு துணிதான் இருக்கு. ஏழெட்டு எடத்துல தையல் விட்டு வாய் பிளந்து கிடந்துச்சு. அதோட அது காயவே இல்ல. ஐப்பசி கார்த்திகைல கோத்தகிரி பக்கம் எப்படி இருக்கும்னு இங்க இருக்கறவங்களுக்கு தெரியும், வடகிழக்கு பருவமழை நேரம், மூடுபனி எறங்குச்சுன்னா மத்தியானமே லைட் போடணும். கொடில அஞ்சு நாள் கிடந்து, ஊறல் வாடை வந்து, அடிப்பக்கம் கருப்பு கருப்பா பூசணம் பூத்து, அப்படியே பையில போட்டு திருப்பி அனுப்பிட்டாங்க. ஹோம்ஸ்டேக்காரர் சண்டை போடல, பணத்தயும் திருப்பி கேக்கல, "இத சரி பண்ண முடியுமா பாருங்க, இல்லன்னா மீதி மூணு வேண்டாம்"னு மட்டும் சொன்னாரு. அக்காவுக்கு அதுதான் ரொம்ப கஷ்டமா போச்சு.

பிரிச்சு பாத்ததுல தெரிஞ்சது

சரி பண்றதுக்கு முன்னாடி முழுசா பிரிச்சு பாக்கலாம்னு சொன்னேன். நல்லா இருக்கற எடத்தயும் பிரிக்கணுமான்னு அக்கா கேட்டாங்க, நல்லா நின்ன எடம் ஏன் நின்னுச்சுன்னு தெரிஞ்சாதான் மத்தது ஏன் நிக்கலன்னு தெரியும். டேபிள்ல விரிச்சு பிளேடால தையல வெட்டி வெட்டி ஒவ்வொரு துண்டா எடுத்தோம்.

மொதல்ல கண்ணுல பட்டது துணி கலப்பு. ஒரே கட்டத்துக்குள்ள பருத்தி ரூபியா, பக்கத்துல செயற்கை பட்டு, அதுக்கு பக்கத்துல லைனிங். அயர்ன் சூட்டுல செயற்கை துணி சுருங்கி இழுத்து, பக்கத்துல இருக்கற பருத்தி துணி உப்பலா நிக்குது. வெறும் கண்ணால பாத்தா பருத்தியா இல்லயான்னு சில துணில சொல்லவே முடியாது, இப்போ ரூபியாலயே பாலியஸ்டர் கலந்து வருது. அதுக்கு நூல் நூலா உருவி தீக்குச்சில காட்டி பாத்தோம். பருத்தின்னா பேப்பர் எரியற வாடை வந்து சாம்பல் பொடியா உதிரும். பாலியஸ்டர்னா உருகி சுருண்டு, ஆறுன அப்புறம் நுனில கெட்டியா ஒரு மணி மாதிரி நிக்கும், விரல்ல நசுக்குனா நசுங்காது. பட்டும் கம்பளியும் முடி கருகுற வாடை. கலப்பு துணின்னா ரெண்டும் சேந்து வரும், கொஞ்சம் சாம்பல், உள்ள கெட்டியா ஒரு துளி. பாட்டியம்மா இத ரொம்ப ஆர்வமா பண்ணாங்க, அடுப்பு பக்கத்துல உக்காந்து ஒரு சாயங்காலம் முழுக்க துண்டு துண்டா பாத்து மூணு கூடைல பிரிச்சு போட்டுட்டாங்க.

ரெண்டாவது தையல். இது பிளவுஸ் தைக்கிற எல்லாரும் கவனிக்க வேண்டியது. பிளவுஸ்ல நாம பிரிச்சு விட்டுக்கறதுக்காக துணி தாராளமா விடுவோம், அளவு கண்ணுலயே இருக்கும், கொஞ்சம் முன்ன பின்ன போனாலும் உடம்புல உக்காந்துடும். துண்டு போர்வைல கால் இன்ச்தான் தையலுக்கு விடறது, அந்த கால் இன்ச் எல்லா தையல்லயும் ஒரே மாதிரி இருக்கணும். அக்கா சில எடத்துல கால் இன்ச்சுக்கும் குறைவா, துணி ஓரத்துலயே ஓட்டியிருந்தாங்க, ரூபியா மாதிரி நூல் பிரியற துணில அது ஒரு துவைப்பு கூட தாங்காது. சில எடத்துல கூட எடுத்திருந்தாங்க. கூட எடுத்தா என்னன்னு கேட்டாங்க. ஒரு தையல்ல அரைக்கால் இன்ச்சுல பாதி, அதாவது ஒரு இன்ச்ச பதினாறா பிரிச்சா அதுல ஒரு பங்கு கூட எடுத்தா, அது ரெண்டு பக்க துணிலயும் போகுது, ஒரு தையலுக்கு அரைக்கால் இன்ச் குறையுது. ஒரு கட்டத்துல குறுக்கால எட்டு தையல் இருந்தா முழுசா ஒரு இன்ச் காணாம போயிடும். அடுத்த கட்டம் சரியா தச்சிருந்தா ரெண்டும் சேராது, இழுத்து சேத்தா அலை அலையா நிக்கும். அக்காவோட போர்வை ஓரம் ஏன் அலை அடிச்சுதுன்னு இதுலதான் புரிஞ்சுது.

பஞ்சு ஓடுனதுக்கு காரணம் சுலபமா தெரிஞ்சுது. மேல் துணியயும் அடி துணியயும் சேத்து பிடிக்கிற தையல் ஒரு அடிக்கு ஒண்ணுதான் போட்டிருந்தாங்க. இலவம்பஞ்சு வழுக்குற பஞ்சு, தலகாணிக்கு ஓகே, துவைக்கிற போர்வைக்கு அது ஆகாது, ரொம்ப நெருக்கமா தச்சா மட்டும் ஓரளவு நிக்கும்.

எனக்கு இதுல எல்லாம் பெருசா பட்டது காயாததுதான். சாயம், தையல், பஞ்சு மூணும் கீழ சமவெளில தச்சாலும் வர்ற பிரச்சனை. காயறது மட்டும் நம்ம ஊரு பிரச்சனை, அத யோசிக்காம எந்த ஊர் டிசைன எடுத்து தச்சாலும் மலைல அது பூசணம்தான் பிடிக்கும். மழை இல்லாத சாதாரண நாள்லயே பருத்தி காத்துல இருக்கற ஈரத்த தன் எடைல 7, 8 சதவீதம் இழுத்து வச்சுக்கும், கம்பளி 15, 16 வரைக்கும் போகும், பாலியஸ்டர் அரை சதவீதம் கூட இழுக்காது. மூடுபனில கொடில தொங்கற போர்வைக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெருசுன்னு யோசிச்சு பாருங்க. அதனால கலர், டிசைன் எல்லாத்தயும் ஒதுக்கி வச்சுட்டு எப்படி துவைக்கப்போறாங்க எப்படி காயப்போகுதுங்கறதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்னு முடிவு பண்ணோம்.

நடுவுல என்ன வைக்கிறது

இத பேசியே முடிவு பண்ண முடியல, அதனால தச்சே பாத்தோம். பதினஞ்சு இன்ச் சதுரமா மூணு மாதிரி, மேல கீழ ஒரே பருத்தி துணி, நடுவுல ஒண்ணுல பழைய கம்பளி, ஒண்ணுல பஞ்சு, ஒண்ணுல பஜார்ல விக்கிற ஃபிளீஸ் போர்வைய (பாலியஸ்டர்ல செஞ்ச மெத்துன்னு இருக்கற துணி) வெட்டி வச்சது. மூணயும் தண்ணில முக்கி, கையால ஒரே மாதிரி பிழிஞ்சு, சன்ஷேடுக்கு அடில நிழல்லயே மாட்டினோம், வெளிய தூறல். மறுநாள் காலைல ஃபிளீஸ் வச்சது தொட்டா லேசா சில்லுன்னு மட்டும் இருந்துச்சு, மத்தியானத்துக்குள்ள காஞ்சுடுச்சு. பஞ்சு வச்சது வெளில காஞ்ச மாதிரி இருந்து உள்ள ஈரம், அதுதான் ஆபத்து, காஞ்சுடுச்சுன்னு மடிச்சு பீரோல வச்சா உள்ளயே பூசணம் பிடிக்கும். கம்பளி மூணாவது நாளும் கனமாத்தான் இருந்துச்சு.

பாட்டியம்மாவுக்கு ஃபிளீஸ் பிடிக்கல. "கம்பளி சூடு வேற புள்ள, இது ரப்பர் மாதிரி இருக்கு"ன்னாங்க. அவங்க சொன்னதுலயும் உண்மை இருக்கு, ஊட்டில பனி விழற ராத்திரிக்கு கம்பளி குடுக்கற கதகதப்பு வேற எதுலயும் வராது. ஆனா ஹோம்ஸ்டேல வாரத்துக்கு வாரம் ஆள் மாறும், துவைச்சே ஆகணும், வீட்டுல நாம வருஷத்துக்கு ஒரு தடவ வெயில்ல காயப்போட்டு எடுக்கற போர்வை மாதிரி இல்ல. வெறும் கம்பளிய கட்டில்ல தனியா அடுத்த அடுக்கா குடுத்துக்கட்டும், துவைக்கிற போர்வை ஃபிளீஸ்லயே இருக்கட்டும்னு அக்கா முடிவு பண்ணாங்க. பாலியஸ்டர் வாடிங் ஷீட்டும் (விரிப்பு மாதிரி வர்ற செயற்கை பஞ்சு) யோசிச்சோம், அதுவும் சீக்கிரம் காயும், ஆனா அது நல்ல நெருக்கமா தைக்கணும், கடைக்கு கோயம்புத்தூர் போகணும். ஃபிளீஸ் நெய்த துணி மாதிரி ஒரே துண்டா இருக்கறதால உள்ள ஓடாது, தையல் கொஞ்சம் தள்ளி தள்ளி இருந்தாலும் பரவால்ல, இங்க பஜார்லயே கிடைக்குது.

சாயம்

மெரூன், நேவி ப்ளூ, கருப்பு, கரும்பச்சை மாதிரி அடர் கலர்தான் பெரும்பாலும் சாயம் விடும். பாட்டியம்மா கல்லுப்பு போட்டு ஊற வைக்கலாம்னாங்க, நம்ம வீடுகள்ல எல்லாம் அப்படித்தான் பழக்கம். ஆனா ஏற்கனவே சாயம் ஏத்தி முடிச்ச துணில மிச்சமா ஒட்டிக்கிட்டு இருக்கற சாயத்த உப்பு பூட்டி வைக்காது, அது தண்ணில போயே தீரணும். அதனால போகற வரைக்கும் அலசறதுதான் வழி. சின்ன சின்ன துண்ட அப்படியே பக்கெட்ல போட்டா நூல் பிரிஞ்சு பூரா ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும், அதுக்கு அக்கா பழைய தலகாணி உறைல போட்டு வாய கட்டி அலசுனாங்க, நல்ல யோசனை அது. கரும் கலர் எல்லாம் தனி உறை. மூணு நாலு தண்ணி மாத்துன அப்புறம் ஈரத்தோட ஒவ்வொரு துண்டயும் வெள்ளை வேட்டி துணில வச்சு கட்டை விரலால அழுத்தி தேச்சு பாத்தோம், வெள்ளைல கலர் ஒட்டுச்சுன்னா மறுபடி அலசல், அப்பவும் ஒட்டுனா அத போர்வைல சேக்கறதே இல்ல. ஒரு மெரூன் செட் எவ்வளவு அலசியும் விட்டுக்கிட்டே இருந்துச்சு, மொத போர்வைய கெடுத்ததும் அதே துணிதான், அத பூரா ஒதுக்கிட்டாங்க. அழகான கலர், அக்காவுக்கு மனசே இல்ல.

டிசைன் முடிவானது

பிளவுஸ் வெட்டு துணில சதுரமா பெரிய துண்டு கிடைக்காது, நீளமா ஒடுக்கமாத்தான் நிறைய கிடைக்கும். அதுக்கு ஏத்த டிசைன் லாக் கேபின். நடுவுல ஒரு சதுரம், அத சுத்தி சுத்தி பட்டி வச்சுக்கிட்டே போறது, ரெண்டு பக்கம் வெளிர் கலர், ரெண்டு பக்கம் அடர் கலர். நாங்க எடுத்த அளவ எழுதறேன், யாராவது தைக்கணும்னா உதவும். நடு சதுரம் மூணரை இன்ச்சுக்கு வெட்டறது, பட்டி எல்லாம் ரெண்டு இன்ச் அகலம். ரெண்டு பக்கமும் கால் கால் இன்ச் தையலுக்கு போனா நடு மூணு இன்ச், பட்டி ஒன்றரை இன்ச். நாலு சுத்து சுத்துனா பதினாறு பட்டி, கட்டம் சரியா பதினஞ்சு இன்ச் வரும். குறுக்கால நாலு, நீளத்துக்கு ஆறு, மொத்தம் 24 கட்டம், 60க்கு 90 இன்ச் போர்வை. ஒரு கட்டத்துக்கு நாலு கஜத்துக்கு கொஞ்சம் மேல பட்டி, போர்வைக்கு மொத்தமா நூறு கஜம். கேக்க பயமா இருக்கும், ஆனா எடைல பாத்தா அரை கிலோ பக்கத்துலதான் துணி.

கலர் விஷயத்துல அக்கா கொஞ்ச நாள் தடுமாறுனாங்க. மஞ்சளும் ரோஸும் பக்கத்துல வச்சா தனித்தனியா தெரியும்னு நெனச்சு வெளிர் பக்கத்துல மஞ்சளும் அடர் பக்கத்துல ரோஸும் வச்சு ஒரு கட்டம் தச்சாங்க, தள்ளி நின்னு பாத்தா டிசைனே தெரியல, எல்லாம் ஒரே கலங்கலா இருக்கு. ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து அத கருப்பு வெள்ளையா மாத்தி காட்டுனேன், ரெண்டும் ஒரே சாம்பல் கலர்ல வந்துச்சு. அந்த ஒரு படத்துக்கு அப்புறம் அவங்களுக்கு நான் வேற எதுவும் சொல்ல வேண்டியிருக்கல. கண்ணுக்கு கலர் வேறயா இருந்தாலும் வெளிர் அடர் வித்தியாசம் இல்லன்னா டிசைன் நிக்காது, அந்த வித்தியாசம் மட்டும் சரியா இருந்தா எந்த கலரோட எந்த கலர வேணும்னாலும் சேக்கலாம், எவ்வளவு கலர் கூடுதோ அவ்வளவு நல்லா இருக்கும். துண்டையெல்லாம் பாயில பரப்பி, ஃபோட்டோ எடுத்து பாத்து, ரெண்டு குவியலா பிரிச்சுட்டாங்க. ரெண்டுலயும் சேராத நடுத்தர கலர் எல்லாம் மூணாவதா ஒதுக்கினாங்க.

கட்டங்கள எப்படி அடுக்கறதுன்னு பல மாதிரி வச்சு பாத்தாங்க, எல்லா கட்டத்தயும் ஒரே திசைல திருப்பி வச்சா வெளிரும் அடரும் மாறி மாறி சாய்வு சாய்வா வரும், எதிர்த்த சரிவுல டீ வரிசை பாக்கற மாதிரியே இருந்துச்சு. அதயே எடுத்துக்கிட்டாங்க.

இந்த எடத்துல ஹோம்ஸ்டேக்காரர் ஒண்ணு கேட்டாரு, ஓரத்துல தோடர் டிசைன் மாதிரி சிகப்பு கருப்புல வச்சு குடுங்க, வெளியூர்க்காரங்களுக்கு பிடிக்கும்னு. அக்கா யோசிச்சுட்டு முடியாதுன்னுட்டாங்க. தோடர் பெண்கள் கெட்டி வெள்ளை துணில நூல் எண்ணி எண்ணி போடற வேலை அது, 2013ல புவிசார் குறியீடு வாங்குனது, அவங்க பிழைப்பு அது. மிஷின்ல அதே மாதிரி பட்டி வச்சு தச்சா அது அவங்க வேலையும் இல்ல நம்ம வேலையும் இல்ல. வேணும்னா அவங்க கிட்டயே ஒரு சால்வை வாங்கி கட்டில் கால்மாட்டுல போடுங்கன்னு சொல்லிட்டாங்க. ஆர்டர் கையில இல்லாத நேரத்துல இப்படி சொல்றதுக்கு தைரியம் வேணும், எனக்கு அதுல ரொம்ப மரியாதை.

தச்ச விதம்

கால் இன்ச் பிரச்சனைக்கு ஊசிலேர்ந்து வலது பக்கம் சரியா கால் இன்ச் அளந்து, மிஷின் தட்டுல பிளாஸ்டர நாலஞ்சு மடிப்பா ஒட்டிட்டோம், ஒரு சின்ன சுவர் மாதிரி. துணி ஓரம் அத உரசிக்கிட்டே போனா போதும், கண்ணால அளக்க வேண்டாம். ஊசி 14 நம்பருக்கு மாத்துனாங்க, பாபின் டென்ஷன் கொஞ்சம் தளர்த்துனாங்க.

அடுத்து துணி இழுக்கற பிரச்சனை. பிளவுஸ் வெட்டுன மிச்சம் பாதிக்கு மேல குறுக்கு வாட்டமா இருக்கும், கைக்குழி, கழுத்து வளைவு பக்கத்து துண்டுங்க எல்லாம் இழுத்தா நீளும். "அத்தை, இது தைக்கும்போதே வளையுது"ன்னு அக்கா சொன்னப்போ பாட்டியம்மா நிமிந்து கூட பாக்காம, "கோணலா வெட்டுன துணி இழுக்கத்தான் செய்யும், அடியில பழைய வேட்டிய வச்சு அது மேல தை"ன்னாங்க. அதுதான் சரி. பதினாறு இன்ச் சதுரமா பழைய வேட்டிய வெட்டி, அதுல குறுக்கால பென்சில்ல ரெண்டு கோடு போட்டு, நடு சதுரத்த கோடு பாத்து ஒட்டி, ஒவ்வொரு பட்டியயும் வேட்டியோட சேத்தே தச்சாங்க. கடைசில பதினஞ்சரை இன்ச் அட்டை ஒண்ணு வச்சு ஓரத்த வெட்டுனா எல்லா கட்டமும் ஒரே அளவு. வேட்டி வாரத்துக்கு வாரம் துவைச்சு துவைச்சு இனிமே சுருங்காத துணி, அதனால மேல் துணியயும் அது பிடிச்சு வைக்கும்.

கால் மிஷின்ல கை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கற பாகத்துக்கு அடில எடம் ரொம்ப கம்மி, 60 இன்ச் போர்வைய சுருட்டி அதுக்குள்ள தள்ளி தைக்கவே முடியாது, மொத போர்வைல அடி துணி சுருங்கி சுருங்கி மடிஞ்சு தச்சிருந்ததுக்கு அதான் காரணம். இந்த தடவ நாலு கட்டத்த சேத்து ஒரு வரிசை, பதினஞ்சுக்கு அறுவது. ஒவ்வொரு வரிசைக்கும் தனியா ஃபிளீஸ், தனியா அடி துணி வச்சு, மூணயும் பெரிய பெரிய கைத்தையல்ல பிடிச்சுட்டு, மிஷின்ல தச்சு முடிச்சாங்க, நீள ஓரத்துல மட்டும் ஒரு இன்ச் தைக்காம விட்டாங்க. ஆறு வரிசை ஆன அப்புறம் மேல் துணிய மட்டும் மிஷின்ல சேத்து, ஃபிளீஸ ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம ஓரத்தோட ஓரம் வெட்டி, அடி துணிய மடிச்சு கையால தையல் போட்டாங்க. அந்த கைத்தையல் பூரா பாட்டியம்மா. அவங்க ஓட்டுத்தையல் ஒரே சீரா, அளந்து வச்ச மாதிரி இருக்கும். கர்நாடகால எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் சித்திங்கற ஆப்பிரிக்க வம்சாவளி இனத்து பெண்கள் தைக்கிற கவந்தி போர்வைல ஓரத்துலேர்ந்து உள்ள உள்ள சுத்தி வந்து கையாலயே முழுசும் முடிப்பாங்க, அந்த போர்வைங்க படத்த காட்டுனப்போ பாட்டியம்மா ரொம்ப நேரம் பாத்துட்டு "இவங்களும் நம்ம மாதிரிதான்"னாங்க.

ஒரு விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருந்தோம், ஃபிளீஸ் வச்சதுக்கு அப்புறம் மேல அயர்ன் அழுத்தக்கூடாது, பருத்திக்கு வைக்கிற சூட்டுல ஃபிளீஸ் உள்ளயே உருகி ஒட்டிக்கும். அயர்ன் எல்லாம் கட்டம் தைக்கும்போதே முடிச்சுடணும்.

என்ன ஆச்சு

ரெண்டாவது போர்வை மார்கழி நடுவுல முடிஞ்சுது. குடுக்கறதுக்கு முன்னாடி நாமளே ஒரு தடவ துவைச்சுடலாம்னு அக்காதான் சொன்னாங்க. நல்லா நனைச்சு, துவைச்சு, ஹோம்ஸ்டே மிஷின்லயே சுத்த வச்சு எடுத்தோம். சாயம் எங்கயும் ஓடல. பனி வெயில்ல சாயங்காலத்துக்குள்ள காஞ்சுடுச்சு. கலப்பு துணின்னு தெரியாம உள்ள வந்த ரெண்டு பட்டி மட்டும் சுருங்கி சுருக்கம் விழுந்துச்சு, அத அப்படியே விட்டாங்க.

விலைய மறுபடி பேசுனாங்க. ஃபிளீஸ், அடிக்கு பாப்ளின், ஓரப்பட்டி, நூல்னு வாங்குனதே ஆயிரம் ரூபா பக்கம் ஆச்சு, வேலை ஒரு மாசத்துக்கு மேல, பிளவுஸ் வேலைக்கு நடுவுல. மூவாயிரத்து ஐநூறு கேட்டாங்க. ஹோம்ஸ்டேக்காரர் நாலுக்கு பதிலா மூணு போதும்னாரு, மொத போர்வைக்கு குடுத்த பணத்த இதுல கழிச்சுக்கிட்டாங்க. மூணும் பங்குனிக்குள்ள குடுத்து முடிச்சாச்சு. அடுத்த ஆடி மழைல என்ன ஆச்சுன்னும் கேட்டேன். ஷெட்டுக்குள்ளயே காய வச்சு ரெண்டு நாள்ல எடுத்துடறாங்க, பூசணம் இல்ல. ஒரு போர்வைல வரிசை சேத்த எடத்துல ஒரு சாண் அளவுக்கு கைத்தையல் விட்டுச்சு, பாட்டியம்மா உக்காந்து சரி பண்ணி குடுத்தாங்க. ஜன்னல் பக்க ரூம்ல இருக்கறதுல நடு சதுரத்து மஞ்சள் வெளுத்துருக்கு.

வருமானம்னு பாத்தா நேரத்துக்கு நேரம் பிளவுஸ்தான் இன்னும் நல்லா குடுக்குது, இத மறைக்காம சொல்லணும், ஏன்னா துண்டு துணில போர்வை தச்சா செலவே இல்லாம சம்பாதிக்கலாம்னு நெனச்சு நிறைய பெண்கள் எறங்கறாங்க. துணிதான் சும்மா வருது, நேரம் சும்மா வரல. ஆனா ஆடியும் மார்கழியும் கல்யாணம் இல்ல, பிளவுஸ் ஆர்டர் படுத்துடும், அந்த ரெண்டு மாசத்துக்கு இது சரியான வேலை.

இப்போ மாத்திக்கிட்டது

வெட்டு துணிய இப்போ சாக்குல கட்டறதே இல்ல, பிளவுஸ் தச்சு முடிச்ச அன்னிக்கே தீக்குச்சி காட்டி பருத்தி, கலப்பு, செயற்கைன்னு மூணு பையில போடறாங்க, எந்த கஸ்டமர் துணின்னு அந்த நேரத்துல ஞாபகம் இருக்கும், ஒரு வருஷம் கழிச்சு யாருக்கும் தெரியாது. அலசறது எல்லாம் மாசி பங்குனி வெயில்ல ஒரே மூச்சா முடிச்சுடறாங்க. ஆடில கட்டம் தைக்கிறது, மார்கழில வரிசை சேக்கறது. ஐப்பசி கார்த்திகைல எதயும் நனைக்கறதே இல்ல.

வரிசை சேக்கற எடத்துல அடி துணிய வெறும் கைத்தையலுக்கு பதிலா ஒரு ஒடுக்கமான பட்டி வச்சு ரெண்டு தையல் போடலாம்னு சொல்லியிருக்கேன், விட்டுப்போன எடத்த பாத்தா அந்த ஒரு தையல்ல மொத்த கனமும் தொங்குது. பாட்டியம்மாவுக்கு அதுல சம்மதம் இல்ல, பட்டி வச்சா அங்க தடிப்பா உறுத்தும், தையல இன்னும் நெருக்கமா போட்டாலே போதும்ங்கறாங்க. இந்த ஆடில ரெண்டு மாதிரியும் தச்சு ஹோம்ஸ்டே மிஷின்ல போட்டு பாக்கறதா இருக்கோம். டபுள் கட்டில் சைஸ்ல ஒருத்தர் கேட்டாங்க, விரிச்சு வேலை பாக்க வீட்டுல எடமில்லன்னு அக்கா அத எடுத்துக்கல, ஒதுக்கி வச்ச கலப்பு துணில கதவு மிதியடி தச்சு குடுக்க மட்டும் ஒத்துக்கிட்டாங்க.